அடக்கி வாசிக்கும் இசை: திரைப் பின்னணி இசை குறித்த கேள்வி பதில்

பல ஆண்டுகளாகப் படங்களின் பின்னணி இசையைக் கேட்டுக் குறிப்பெடுத்து வரும் ஒருவரிடம் ரசிகர்கள் கேட்ட கேள்விகளும் அவர் அளித்த பதில்களும்.

கேள்வி: பாடல் என்றால் முணுமுணுக்க வருகிறதா என்று பார்த்து மதிப்பிட்டுவிடலாம். பின்னணி இசைக்கு அப்படி ஏதாவது அளவுகோல் உண்டா, ஐயா?

முணுமுணுக்க வருகிறதா என்பதை நான் கடைசியாகத்தான் கேட்பேன். இசை எந்த இடத்தில் நுழைகிறது, எந்த இடத்தில் விலகிக்கொள்கிறது என்பதையே முதலில் கவனிப்பேன். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுறா வரும்போது ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களை மாறி மாறி ஒலிக்க விடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடற்கரையில் இரண்டு சிறுவர்கள் அட்டையில் செய்த துடுப்பை நீருக்கு மேலே காட்டி ஊரையே ஓடவைக்கும் காட்சியில் அந்த இசை வருவதே இல்லை. அது உண்மையான சுறா அல்ல என்பது இசைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இசை பொய் சொல்லாது என்ற நம்பிக்கையை இப்படி நம் காதுக்குள் வளர்த்துவிட்டு, பிற்பகுதியில் காவல் அதிகாரி படகிலிருந்து இரையை அள்ளி வீசிக்கொண்டிருக்கும்போது ஒரு சுரம்கூட இல்லாமல் சுறாவை மேலே வரவிடுகிறார்கள். இரண்டு சுரங்களை எழுதியதைவிட, அவற்றை எங்கே எழுதாமல் விடுவது என்று முடிவு செய்ததுதான் எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த பின்னணி இசை எது? ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

'சைனாடவுன்', 1974, ஜெரி கோல்ட்ஸ்மித். வேறொருவர் எழுதிய இசை கைவிடப்பட்ட பிறகு கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, பத்தே நாட்களில் அவர் எழுதி முடித்தது இது. நான்கு பியானோ, நான்கு ஹார்ப், வயலின் குடும்பத்துத் தந்திக்கருவிகள், தாளக் கருவிகளுக்கு இரண்டு பேர், தனித்து ஒலிக்கும் ஒரே ஒரு டிரம்பெட்: இப்படி ஒரு வாத்தியக் கூட்டணியை அதற்கு முன் நான் எங்கும் கேட்டதில்லை. கதை 1930களில் நடப்பதால் அந்தக் காலத்து நடன இசையின் சாயலில் எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோல்ட்ஸ்மித்தோ காலத்தைக் காட்டும் வேலையை உடைகளுக்கும் வாகனங்களுக்கும் விட்டுவிட்டு, டிரம்பெட்டின் மெட்டில் ஒரு காதலின் ஏக்கத்தை வைத்தார். பியானோவின் உள்ளே இருக்கும் தந்திகளைச் சுண்டியும் சுரண்டியும் எழும் ஒலிகளில், துப்பறிபவர் இன்னும் கண்டுபிடிக்காத அழுக்கை வைத்தார். மொத்தப் படத்திலும் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே இசை ஒலிக்கிறது. அது ஒலிக்காத நேரத்திலும் அந்த டிரம்பெட் நம்மோடு இருப்பதாகத் தோன்றுவது எப்படி என்பதை இத்தனை முறை பார்த்த பிறகும் என்னால் முழுமையாக விளக்க முடியவில்லை.

கேள்வி: உரிய கவனம் கிடைக்காத இசை என்றால் எதைச் சொல்வீர்கள்? எல்லோரும் சொல்லும் பெயர்களைத் தவிர்க்க வேண்டுகிறேன்.

முதலில் மலையாள இசையமைப்பாளர் ஜான்சன். மலையாளத்தில் பாடல்களுக்கு ஒருவரும் பின்னணி இசைக்கு வேறொருவரும் பணியாற்றிய படங்கள் பல உண்டு. அவற்றில் புகழ் பெரும்பாலும் பாடல்காரருக்கே போய்விடும். 1987இன் 'தூவானத்தும்பிகள்' படப் பாடல்கள் பெரும்பாவூர் ஜி. ரவீந்திரநாத்துடையவை, பின்னணி இசை ஜான்சனுடையது. 1993இன் 'மணிச்சித்திரத்தாழ்' படப் பாடல்கள் எம். ஜி. ராதாகிருஷ்ணனுடையவை, பின்னணி இசை மீண்டும் ஜான்சன்தான். அந்தப் படத்தை அவரவர் மொழியில் மறுஆக்கமாகப் பார்த்தவர்கள் மூலப் படத்துக்குத் திரும்பிச் சென்று, பூட்டிய அறையை நோக்கி நடக்கும் காட்சிகளை மட்டுமாவது ஒருமுறை கேட்க வேண்டும். திடுக்கிட வைக்கும் அடிகளைவிட அவற்றுக்கு முந்தைய தயக்கத்தில்தான் அவர் அதிகம் உழைத்திருக்கிறார். 1994இன் 'சுக்ருதம்' படத்தின் பின்னணி இசைக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 2011இல் மறைந்தார். அவரைப் பற்றிய பேச்சு இன்னும் பாடல்களைச் சுற்றியே நிற்பது எனக்கு வருத்தம்தான்.

இரண்டாவதாக, எல்லோரும் சொல்லும் பெயர்தான், ஆனால் யாரும் சொல்லாத படம்: ஜான் வில்லியம்ஸ் 1972இல் இசையமைத்த 'இமேஜஸ்'. மனம் பிறழ்ந்துவரும் ஒரு பெண்ணின் கதை. ஜப்பானியத் தாளக் கலைஞர் ஸ்டோமு யமாஷ்டாவின் உலோக ஒலிகளும் குரல் ஒலிகளும் ஒருபுறம், மென்மையான தந்தி இசை மறுபுறம் என்று அவளுடைய இரு மனங்களையும் இரு வாத்தியக் குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார். விண்வெளிப் படங்களின் முழக்கத்தை மட்டும் வைத்து வில்லியம்ஸை அளப்பவர்கள் இதைக் கேட்டால், இது வேறு யாரோ என்றுதான் நினைப்பார்கள்.

மூன்றாவது, ஜப்பானிய இசையமைப்பாளர் டோரு டகேமிட்ஸு. 1985இன் 'ரான்' படத்தில் கோட்டை முற்றுகைக் காட்சியில் போரின் ஓசைகள் அனைத்தும் மறைந்துபோய், ரத்தமும் தீயும் நிறைந்த காட்சிகளின் மீது அவருடைய வாத்தியக் குழுவின் துயரம் மட்டும் நிமிடக்கணக்கில் நகர்கிறது. பிறகு ஒரே ஒரு துப்பாக்கி வெடி. உலகத்தின் சத்தம் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது.

கேள்வி: இளையராஜாவின் பின்னணி இசையைப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் என்ன சிறப்பு என்று யாரும் விளக்குவதில்லை. நீங்கள் சொல்வீர்களா?

புகழ்ச்சி மிகுந்த இடத்தில் விளக்கம் குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாடலின் மெட்டை அவர் பாடலோடு நிறுத்திக்கொள்வதில்லை. ரீரெக்கார்டிங்கில், அதாவது படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் கட்டத்தில், அதைக் கதையின் நினைவாக மாற்றிவிடுவார். 1987இன் 'நாயகன்' படத்தில் 'தென்பாண்டிச் சீமையிலே' வெவ்வேறு வயதுகளில், வெவ்வேறு இழப்புகளின் மேல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் வாத்தியமும் வேகமும் மாறியிருக்கும். 1991இன் 'தளபதி'யில் தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாமலே அருகருகே இருக்கும் இடங்களில் 'சின்னத் தாயவள்' மெட்டு எட்டிப் பார்க்கிறது. பாத்திரங்களுக்குத் தெரியாத உறவு நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. மேற்கத்திய இசைநாடக மரபிலும் பாத்திரத்துக்கு ஒரு சிறு இசைத்தொடர் என்ற வழக்கம் உண்டு. ஆனால் முழுப் பாடலாகக் கேட்டு, சொற்களோடு நெஞ்சில் பதிந்த ஒரு மெட்டு சொற்கள் இல்லாமல் திரும்பி வரும்போது, சொற்களை நாமே உள்ளுக்குள் பாடிக்கொள்கிறோம். பாடல்கள் நிறைந்த நம் படங்களுக்குக் கிடைத்த தனி வசதி அது; அதை அவரளவுக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள் குறைவு.

பாடல்களே இல்லாத இடத்தில் அவர் எப்படி இருப்பார் என்று பார்க்க 2013இன் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' இருக்கிறது. அவருடைய பங்கைப் பின்னணி இசை என்று போடாமல் 'முன்னணி இசை' என்று அறிவித்தார்கள். எனக்கு அதில் ஒரு சிறு மாறுபாடு உண்டு: இரண்டு மூன்று இடங்களில் இசை உண்மையாகவே முன்னால் வந்து நின்றுவிடுகிறது, இரவின் அமைதிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

கேள்வி: இக்காலப் படங்களின் பின்னணி இசை எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வயதானதால் வரும் எண்ணமா, அல்லது காரணம் உண்டா?

வயதுக்கும் அதில் பங்கிருக்கலாம். ஆனால் உறுதியான காரணம் ஒன்று உண்டு. இசையமைப்பாளர் ஒரு சுரம்கூட எழுதாத நிலையில், படத்தொகுப்பின்போது வேறு படங்களின் இசையை எடுத்துத் தற்காலிகமாக ஒட்டிப் பார்ப்பார்கள். டெம்ப் ட்ராக் என்று அதற்குப் பெயர். இயக்குநர் மாதக்கணக்கில் அதையே கேட்டுக் கேட்டுப் பழகிவிடுவதால், புதிதாக எழுதப்படும் எதுவும் அவருக்கு அந்நியமாகத் தெரியும். "இதைப் போலவே வேண்டும், ஆனால் இது வேண்டாம்" என்ற கட்டளை இசையமைப்பாளருக்கு வந்து சேரும். அவர் நகலுக்கு நகல் எடுக்க வேண்டியதாகிவிடும். அந்த நகல் அடுத்த படத்துக்கு டெம்ப் ட்ராக் ஆகும்.

இதற்குப் பலியானவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அலெக்ஸ் நார்த். 1968இன் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அவர் இசை எழுதிப் பதிவும் செய்தார், ஸ்டான்லி குப்ரிக்கோ தற்காலிகமாக வைத்திருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் படைப்புகளையே இறுதியிலும் வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பதே படத்தைப் பார்த்தபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. நார்த்தின் நண்பரான கோல்ட்ஸ்மித் பின்னாளில் அந்த இசையை மீண்டும் வாசிக்கச் செய்து பதிவுசெய்தார். 1993இல் அது வெளியானது. அதைக் கேட்டபின் நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது: இசை அருமை, ஆனால் அந்தப் படத்துக்குக் குப்ரிக்கின் முடிவே சரி. நார்த்துக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன்; இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

கோல்ட்ஸ்மித்துக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 1979இன் 'ஏலியன்' படத்தில், அவர் 1962இல் 'ஃப்ராய்ட்' படத்துக்கு எழுதிய இசையையே டெம்ப் ட்ராக்காக வைத்திருந்தார்கள். அவர் புதிதாக எழுதியதில் சிலவற்றை நீக்கிவிட்டு, பழையதைப் படத்திலேயே விட்டுவிட்டார்கள். தன்னிடமே தோற்ற இசையமைப்பாளர் என்று வேறு யாரைச் சொல்வது?

கேள்வி: ஹான்ஸ் ஸிம்மர் வெறும் இரைச்சல் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

சில படங்களுக்கு ஒப்புக்கொள்வேன். 2014இன் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். கிறிஸ்டோபர் நோலன் விண்வெளிக் கதை என்பதையே சொல்லாமல், ஒரு தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து இசை கேட்டார். ஸிம்மர் பிள்ளைப்பாசத்துக்கு எழுதிய சிறிய மெட்டுதான் லண்டனின் டெம்பிள் தேவாலயத்து ஆர்கனில் பிரம்மாண்டமாக வளர்ந்தது. ஆர்கன் காற்றால் ஒலிக்கும் கருவி; காற்றே இல்லாத வெளியில் மூச்சு விடுவதைப் போல அது கேட்கிறது.

கேள்வி: மின்னணு இசைக்கும் வாத்தியக் குழுவுக்கும் இடையில் எது உயர்ந்தது?

கேள்வியே தவறு. 1956இன் 'ஃபர்பிடன் பிளானட்' படத்திலேயே லூயி, பெபே பாரன் தம்பதியர் முழுக்க முழுக்க மின்னணு ஒலிகளால் ஒரு படத்தை நிரப்பிவிட்டார்கள். கருவி எதுவாயினும் காட்சிக்குள் அதற்கு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: விருதுகளை வைத்துத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் விதிமுறைகளின் விளையாட்டைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். 1972இன் 'தி காட்ஃபாதர்' படத்துக்கு நீனோ ரோட்டா பெற்ற ஆஸ்கர் பரிந்துரை, அதிலுள்ள ஒரு மெட்டை அவரே 1958இல் 'ஃபார்ச்சுனெல்லா' என்ற படத்தில் பயன்படுத்தியிருந்தார் என்பதற்காகத் திரும்பப் பெறப்பட்டது. அதே மெட்டு ஒலிக்கும் இரண்டாம் பாகத்துக்கோ பின்னர் விருதே கிடைத்தது. ஜானி கிரீன்வுட் 2007இல் 'தேர் வில் பி பிளட்' படத்துக்கு எழுதியதில் முன்பே எழுதிய பகுதிகள் இருந்ததால் போட்டிக்கே தகுதியில்லை என்றார்கள். என்னியோ மோரிக்கோனேவுக்கு 2007இல் வாழ்நாள் சாதனைக்கான கௌரவ விருது கொடுத்துவிட்டு, 2016இல்தான் போட்டியில் வென்ற விருதைக் கொடுத்தார்கள். அந்த 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்திலோ, 1982இல் 'தி திங்' படத்துக்கு அவர் எழுதிப் பயன்படாமல் கிடந்த பகுதிகளும் இருந்தன! இந்தியத் தேசிய விருதில் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தொடர்ந்து தனித்தனி விருது வழங்கப்பட்டு வருகிறது. அவ்வாண்டின் பின்னணி இசை விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. இந்தப் பிரிவினை நல்லது. ஜான்சனைப் போன்றவர்களுக்கு அதுதான் வழி.

கேள்வி: இசைத்தொகுப்பாக வெளிவருவதைத் தனியே கேட்பது சரியா?

தவறில்லை. ஆனால் தொகுப்பில் வரிசை மாறியிருக்கும், படத்தில் ஒலித்த சில பகுதிகள் இருக்காது. 1982இன் 'பிளேடு ரன்னர்' படத்துக்கு வாஞ்செலிஸ் வாசித்த இசை அவர் பெயரில் தொகுப்பாக வர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே தொகுப்பை மட்டும் கேட்டு ஒரு படத்தின் பின்னணி இசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் இசை கற்றவன் அல்ல. காதைப் பழக்கிக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள், ஐயா.

சுரமோ ராகமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் இதுவரை பார்க்காத படத்தில் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே தேவையே இல்லை என்று ஒரு தாளில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒலியோடு பார்த்து ஒப்பிடுங்கள். பத்துக் காட்சிகளுக்குள் உங்கள் காது மாறிவிடும். தொடக்கத்தில் கணிப்புகள் தவறினால் வருந்த வேண்டாம். 1960இல் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் முடிவு செய்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அந்தச் சொல்லைக் கேளாமல் தந்திக்கருவிகளை மட்டும் வைத்து எழுதிக் கொண்டுவந்து வாசித்துக் காட்டிய பிறகுதான் அவர் மனம் மாறினார்.