கருந்திரவத்திலிருந்து இலிக்னின்: படிய வைப்பது எளிது, வடிப்பதுதான் பாடு

கேள்வி: மரக்கூழ் காய்ச்சிய பிறகு மிஞ்சும் கருந்திரவத்தில் அமிலம் விட்டால் இலிக்னின், அதாவது மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள், படிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு வருவது சேறு. வடியவே மாட்டேன் என்கிறது. எங்கே பிழை?

நீங்கள் இறுதியாண்டு ஆய்வுக்காகத்தான் இதைச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முகவையில் கபில நிறச் சேறு, புனலில் அடைத்துப்போன வடிதாள், ஒப்படைக்க இன்னும் சில வாரம். அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

அமிலம் விட்டதில் பிழை இல்லை. காரத்தில் இலிக்னினின் பீனோல் கூட்டங்கள் ஐதரசன் அயனை இழந்து மின்னேற்றத்தோடு நிற்பதால்தான் இலிக்னின் கரைந்திருக்கிறது. 13க்கு மேல் இருக்கும் பி.எச்.ஐ 10 அளவுக்கு இறக்கினாலே மரக் கருந்திரவத்தில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஆனால் ஆறிய திரவத்தில் வந்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்த கூழ். சூட்டில் வந்தால் மணி மணியாக வரும். உங்களுக்கும் எனக்கும் நடந்த பிழை அதுதான்.

நான் எடுத்துக்கொண்டது வைக்கோல். அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில், வைக்கோல் அவிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். அதனால் ஊரிலிருந்து ஒரு சாக்கு வைக்கோல் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியது. அரைக் கிலோவைச் சோடியமைதரொட்சைட்டில் அவித்து, வடித்து, ஆற வைத்து, அடுத்த நாள் சல்பூரிக்கமிலத்தை மளமளவென்று விட்டேன். கறுப்பு ஒரே நொடியில் பால் கோப்பி நிறமானது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பிறகு புனலில் ஊற்றினேன். முதலில் நாலைந்து துளி. அப்புறம் வடிதாளின் மேல் பளபளவென்று ஒரு தோல் பிடித்தது, அவ்வளவுதான். மூன்று நாள் காத்திருந்தேன். கரண்டியால் சுரண்டினால் களி போல ஒட்டிக்கொண்டு வந்தது.

இரவில் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் உயர்தரம்கூடப் படித்தவர் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "சோறு ஆறினாப்பிறகு கஞ்சி வடிச்சா வடியுமா மனே?" என்றார்.

அடுத்த தடவை திரவத்தை 70 பாகை செல்சியஸில் வைத்துக்கொண்டு, அமிலத்தை நீர்க்கவைத்து, கிளறியபடி சொட்டுச் சொட்டாக விட்டேன். முழுதாக ஒரு மணித்தியாலம். விட்டு முடித்த பிறகும் அதே சூட்டில் அரை மணித்தியாலம் வைத்திருந்தேன். முகவையின் அடியில் கோப்பித்தூள் போல இறங்கியது. இருபது நிமிடத்தில் வடிந்தது. காய்ந்த பிறகு 28 கிராம். கொதிக்க மட்டும் விடாதீர்கள், இலிக்னின் இளகித் தார் போலப் பாத்திரத்தில் அப்பிக்கொள்ளும்.

வைக்கோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது காரத்தில் கரைந்து, பி.எச். இறங்கும்போது இலிக்னினோடு சேர்ந்து ஜெல்லாகப் பிரியும். மரத்தைப் போலன்றி வைக்கோல் இலிக்னின் பெரும்பாலும் 10க்குக் கீழேதான் வரும். அதனால் முதலில் 10 அருகே நிறுத்திச் சிலிக்காவை எடுத்துவிட்டு, பிறகு இன்னும் கீழே இறக்குங்கள். உங்களுடையது மரம் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது கழுவுவது. வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். உப்பு வெளியேறும், ஆனால் படிவின் உள்ளே காரம் மிச்சமிருக்கும். இலிக்னின் திரும்பக் கரைந்து, ஊதி, வடிதாளை அடைக்கும். படிவை எடுத்து அமிலம் கலந்த தண்ணீரில், பி.எச். 2 அல்லது 3 இருக்கும்படி, மறுபடி கலக்கி, மறுபடி வடியுங்கள். சுவீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறையின் உயிர்நாடியே இந்த இரண்டாம் கலக்கல்தான். 2013இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிளைமவுத் ஆலையில் அது வணிக அளவில் ஓடத் தொடங்கியது. படிய வைக்க அங்கே விடுவது காபனீரொட்சைட்டு. சல்பூரிக்கமிலத்தை அதிகம் விட்டால் ஆலைக்குள் சுற்றிவரும் சோடியம், கந்தகக் கணக்கு குழம்பிவிடும்.

"ஆலைகள் அதை எரிக்கத்தானே செய்கின்றன, பிரித்து என்ன லாபம்?" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். ஆம், எரிக்கிறார்கள். அந்தச் சூட்டில்தான் ஆலை ஓடுகிறது, கூழ் அவிக்க விட்ட இரசாயனமும் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் கருந்திரவத்தை எரிக்கும் மீட்புக் கொதிகலன் கொள்ளாத அளவுக்குக் கூழ் கூடும்போது, இலிக்னினில் ஒரு பங்கை வெளியே எடுத்தால் கொதிகலனுக்கு மூச்சு வரும். முழுவதையும் எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நான் ஆலைப் பொறியியலாளரும் இல்லை.

இதை எழுதும்போது வெள்ளவத்தை அறையின் ஞாபகம் வருகிறது. வார இறுதியில் ஆய்வகம் கிடைக்காததால் ஒரே ஒரு நாள் பின்முற்றத்தில், எவர்சில்வர் பானையில் வைக்கோல் அவித்தேன். செய்திருக்கக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கார அன்ரி "முட்டை அழுகின மணம், காஸ் லீக்" என்று சொல்லி, அறையை விடும்போது 45,000 ரூபாய் அட்வான்ஸைத் தரவேயில்லை. கந்தகமே சேர்க்காத சமையலில் அந்த மணம் எங்கிருந்து வரும்? அது நனைந்த வைக்கோல் மணம், மழை விட்ட வயல் மணம். கொழும்பில் தனியாக அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளின் அட்வான்ஸ் இப்படித்தான் போகிறது. கேட்க ஆளில்லை.

ஆனால் உங்களிடம் இருப்பது கிராப்ட் ஆலையிலிருந்து, அதாவது காரத்தோடு சோடியம் சல்பைட்டும் சேர்த்து மரத்தை அவிக்கும் ஆலையிலிருந்து, வந்த திரவமானால் அதில் சல்பைட்டு இருக்கும். அமிலம் பட்டதும் ஐதரசன் சல்பைட்டு கிளம்பும், ஆளைக் கொல்லும் வாயு. செறிவு கூடினால் மூக்குக்கு மணமே தெரியாது. வாயு இழுக்கும் பெட்டிக்குள் மட்டும், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

என்ன மரம், எந்தச் சூட்டில் அமிலம் விட்டீர்கள், எந்த பி.எச்.இல் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். அப்பாவிடமும் கேட்டுச் சொல்கிறேன்.