ஆல்ப்ஸ் கிராமத்தில் புயல் அடித்தால் கீழே இறங்க வேண்டுமா?

கேள்வி: ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மியூரன் கிராமத்தில் ஐந்து இரவுகள் வாடகை வீட்டில் தங்கப் போகிறோம். வயதான அப்பா, அம்மா, எட்டு வயது மகள் உடன் வருகிறார்கள். அங்கே திடீரென்று கடும் புயல் வரும் என்கிறார்கள். வந்தால் கீழே இறங்கிவிட வேண்டுமா, வீட்டிலேயே இருக்கலாமா?

பதில்: வீட்டிலேயே இருங்கள். அவசரப்பட்டுக் கீழே இறங்கக் கிளம்புவதுதான் ஆபத்து.

வங்கக் கடல் புயலை மனத்தில் வைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் புயலுக்குத் தயாராக முடியாது. நம் புயல் பெயரோடும் எச்சரிக்கைக் கூண்டோடும் நாள்கணக்கில் முன்னறிவித்து வரும். அங்கே காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். அந்த வெயில்தான் மலைச்சரிவைச் சூடாக்கி ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. பிற்பகலில் மேகம் திரண்டு எழும்பி, மாலைக்குள் இடி, ஆலங்கட்டி, சூறைக்காற்று எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அடங்கும்.

மியூரன் சுமார் 1,640 மீட்டர் உயரத்தில், லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைக்கு மேல் இருக்கிறது. எதிரிலும் பாறைச் சுவர் என்பதால் ஒரே இடி நாலைந்து இடியாகத் திரும்பித் திரும்பிக் கேட்கும். பெரியவர்கள் கலங்கிப்போகலாம். மின்னலுக்கும் முதல் முழக்கத்துக்கும் இடையிலான விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. இந்த வேலையை மகளிடம் ஒப்படைத்தால் அவளுக்குப் பயமும் குறையும். எண்ணிக்கை 30க்குக் கீழே வந்தால் பால்கனியில்கூட நிற்க வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

காற்று வலுப்பதற்கு முன்பே, வெயிலுக்காகப் பால்கனியில் இழுத்துவிட்ட துணிக்கூரையைச் சுருட்டி உள்ளே தள்ளிவிடுங்கள். காற்று உள்ளே புகுந்தால் இரும்புச் சட்டத்தோடு பிய்த்துவிடும். பழுதுச் செலவை வீட்டுக்காரர் உங்களிடம்தான் கேட்பார்.

நான் அதிகம் அஞ்சுவது காற்றையோ இடியையோ அல்ல, ஓடையை. இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் வரும்போது வில்டர்ஸ்வில் நிலையத்தைக் கடப்பீர்கள். அதன் அருகே உள்ள சாக்செட்பாக் ஓடையில் 1999 ஜூலை 27 அன்று, மேல்மலையில் பெய்த இடிமழையால் திடீர் வெள்ளம் பாய்ந்து, ஓடைக்குள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்த குழுவில் 21 பேர் இறந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். மழை மேலே பெய்தால் போதும். தண்ணீர் திடீரென்று பழுப்பாவது, சுள்ளியும் இலையும் மிதந்து வருவது, மேலிருந்து கற்கள் உருளும் ஓசை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கரையேறி விலகுங்கள். ஓடை சட்டென்று வற்றினால் இன்னும் மோசம். மேலே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கலாம். அது உடைந்து வரும்.

மியூரனில் பார்வையாளர்களின் கார்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டெச்சல்பெர்க்கிலிருந்து கேபிள் கார் வருகிறது. இன்னொரு வழி, லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் குருட்சால்ப் ஏறி, அங்கிருந்து சிறு ரயில். காற்று கடுமையானால் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். அது வழக்கமான முன்னெச்சரிக்கைதான். நடந்தே இறங்கிவிடலாம் என்று, கீழே உள்ள கிம்மெல்வால்ட் கிராமத்துக்குப் போகும் பாதையில் இருட்டில் கால் வைக்காதீர்கள்.

வழி அடைபடுவதும் உயிருக்கு ஆபத்து நேர்வதும் ஒன்றல்ல. 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் செர்மாட் என்ற இன்னொரு சுவிஸ் மலையூருக்குச் செல்லும் சாலையும் ரயிலும் மூடப்பட, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் அங்கேயே தங்க நேர்ந்தது. ஊருக்குள் இருந்தவர்கள் பத்திரமாகவே இருந்தார்கள். குலைந்தது பயணத் திட்டம்தான். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மியூரனில் வைக்காதீர்கள். கீழே, விமான நிலையத்துக்குப் பக்கமாக அறை எடுங்கள். பெற்றோரின் மருந்துகளைச் சில நாள்களுக்குக் கூடுதலாகவே கொண்டுபோங்கள். மின்சாரம் போனால் மின் அடுப்பு எரியாது என்பதால் ரொட்டி, பழம், டார்ச் கையிருப்பில் இருக்கட்டும்.

கைப்பேசியில் இரண்டு செயலிகள் போதும். மீட்டியோசுவிஸ் செயலியின் மழை ரேடாரைப் பிற்பகலில் அடிக்கடி பாருங்கள். அலர்ட்சுவிஸ் அரசின் அவசர அறிவிப்புகளைத் தரும். சைரன் ஒரு நிமிடம் ஏறி இறங்கி ஒலித்தால் அந்தச் செயலியிலோ வானொலியிலோ வரும் அறிவுரையைக் கேட்டு நடங்கள். ஆம்புலன்ஸுக்கு 144, ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. ஆனால் புயலின் நடுவே ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.