சிரட்டை விளக்கில் வெள்ளைப் பூஞ்சை

சிரட்டை விளக்குக்கு வார்னிஷ் அடித்த பத்தே நாளில் உள்பக்கம் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மேலே இன்னொரு கை வார்னிஷ் அடித்தால் போகாது. உள்பக்கத்தை உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்து, சிரட்டையை நன்றாகக் காய வைத்து, பிறகு அடியுங்கள்.

பத்தே நாளில் பூத்ததென்றால், பெரும்பாலும் தேங்காயின் பழுப்புத் தோல் அங்கங்கே ஒட்டியிருந்திருக்கும். அந்த ஈரத்தோடு வார்னிஷ் மூடிவிட்டது. நகத்தால் கீறிப் பாருங்கள், மாவு மாதிரி உதிரும்.

காய்ந்ததா என்று தெரிய, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பைக்குள் முத்து முத்தாக வேர்த்தால் இன்னும் ஈரம்தான்.

உங்கள் ஊர், தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில், சாரல் பிடித்துவிட்டது என்கிறீர்கள். சரி, அவசரப்படாதீர்கள், நான் அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு வாரம் போட்டுவைப்பேன்.

அப்புறம், உள்ளே திரி ஏற்றவே வேண்டாம், சின்ன எல்.இ.டி. பல்பு போதும். சிரட்டை தீப்பிடித்துவிடும். இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற கரியே சிரட்டையில்தானே எடுக்கிறார்கள்!