கேள்வி – பதில்: மேஹெம் எதற்குத் திரும்பியது?

கேள்வி: நார்வேயின் மேஹெம் இசைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிராண்ட் டிக்ளரேஷன் ஆஃப் வார்' இசைத்தொகுப்பு ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை என்றும், 2004இல் வந்த 'கைமீரா' பிளாக் மெட்டல் என்னும் பழைய முரட்டு ராக் இசைக்கே திரும்பிவிட்டது என்றும் சொல்கிறார்கள். தோட்டத்து உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன் நான். இரண்டையும் பலமுறை கேட்டுவிட்டேன். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மேளம் வாசிப்பவர் என்பதால் தாளத்திலிருந்தே தொடங்குகிறேன். பிளாக் மெட்டலில் டிரம்ஸ் இடைவிடாத வேகத்தில் அடிக்கப்பட்டு, கித்தாரின் இரைச்சலோடு கலந்து, தனித்தனி அடிகளாக அல்லாமல் ஒரே பெருமழையாகக் காதில் விழும். 2000ஆம் ஆண்டுத் தொகுப்பிலோ டிரம்ஸ் கலைஞர் ஹெல்ஹாமரின் ஒவ்வொரு அடியும் துலக்கமாகத் தனித்துக் கேட்கிறது. பல இடங்களில் அது படைநடைத் தாளமாகவே மாறிவிடுகிறது. பாடகர் மேனியாக் பல இடங்களில் அலறுவதை விட்டுவிட்டு, மேடையில் போர்ப் பிரகடனம் வாசிப்பவரைப்போலப் பேசுகிறார். ஒரு பாடல் மின்னணுத் தாளத்திலேயே நகர்கிறது. மழையில் நனைய வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்ததில் வியப்பில்லை.

'கைமீரா'வில் அலறல் திரும்பியது, வேகம் திரும்பியது, ஒலியில் முரட்டுத்தனமும் திரும்பியது. ஆனால் இரண்டு தொகுப்புகளுக்கும் இசையமைத்தவர் கித்தார் கலைஞர் பிளாஸ்பெமர்தான். எதிர்பாராத இடத்தில் தாளத்தை முறித்துத் திருப்பும் அவருடைய வழக்கம் 'கைமீரா'விலும் அப்படியே இருக்கிறது. கீபோர்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஒதுக்கிய உறுமிக் குழுக்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். கருவி போனாலும் அதனோடு வாசித்தபோது கை பழகிய அடி போவதில்லை. எனவே 2000ஆம் ஆண்டுத் தொகுப்பைத் தவறு என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை; அது இல்லாமல் 'கைமீரா'வின் இறுக்கம் வந்திருக்காது என்றே உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: பிளாக் மெட்டலுக்குப் புதியவள் நான். மேஹெமை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– வாசகி, பகாவ்

பதில்: 1994இல் வெளிவந்த 'டி மிஸ்டீரிஸ் டோம் சாத்தானாஸ்' முதலில் வரட்டும். திரும்பியது எது என்று அறிய, விட்டுப்போனது எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதன்பின் மேலே சொன்ன இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடிய ஹங்கேரியரான அட்டிலா சிஹார் மீண்டும் வந்து பாடிய 'ஓர்டோ அட் கேயோ' 2007இல் வெளியானது. சேற்றுக்குள்ளிருந்து எழுவதுபோன்ற அதன் மங்கிய ஒலி பழகச் சில நாட்கள் ஆகும் என்பதால், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.