ஒரே படகு, ஒரே உலைச்சோறு: உடம்பு மட்டும் ஏன் வேறு?

பாம்பனிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் முக்கால் பங்கு கணவரின் பருமனைப் பற்றியது. நான் கடைசியில் உள்ள மூன்று வரிகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்களை எழுத வைத்த பயம் அங்கேதான் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்கே போகாமல் வீட்டில் இருந்தும், முன்னைவிட அதிகமாகச் சாப்பிட்டும், உங்கள் கொழுந்தனார் நான்கு மாதத்தில் 61 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு இறங்கிவிட்டார். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். தலைமாட்டில் செம்புத் தண்ணீர் இல்லாமல் படுப்பதில்லை. இதை உடற்சூடு என்று வீட்டில் முடிவு செய்து, காலையில் பதநீரும் மாலையில் இளநீரும் கொடுத்து வருகிறீர்கள்.

இது சூடு அல்ல. வேறொன்று தெரியும் வரை இதைச் சர்க்கரை நோய் என்றே கொள்ள வேண்டும். உடலில் இன்சுலின் போதாமல் போனால், உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்திலேயே தேங்கி, சிறுநீரோடு வெளியேறுகிறது. போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் இந்தத் தாகம். உணவால் பயனில்லாத உடல், தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து நாளை ஓட்டுகிறது. அதனால்தான் பசியும் கூடுகிறது, எடையும் குறைகிறது. பதநீரை இன்றே நிறுத்துங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நாளைக் காலை வெறும் வயிற்றில் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 126, அல்லது எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 என்ற அளவை எட்டினால், இத்தனை அறிகுறிகள் உள்ளவருக்கு அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, அரைமயக்கம் இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உடம்பு ஏறுவதற்கு என்று மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கி, பத்து நாளாக அவர் விழுங்கிவரும் மாத்திரையைப் பற்றி எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அட்டையில்லாமல், பெயரில்லாமல் விற்கப்படும் இத்தகைய மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது எங்களுக்குப் பழகிய சங்கதி. முகம் உப்பி, கன்னம் வைத்து, உடம்பு தேறியதுபோலத் தோன்றும். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடவும் அதனால் முடியும். காரணமின்றி எடை குறையும் எவருக்கும் நாங்கள் தேடும் இன்னொரு நோய் காசநோய்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது எளிதில் வரும். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை உண்டா என்று அவரிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். மீதமுள்ள மாத்திரையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பத்து நாள்தான் என்பதால் உடனே நிறுத்தலாம். இதே மாத்திரையை வாரக்கணக்கில் தின்றுவரும் வேறு யாராவது இதைப் படித்தால், அவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி, ஒரே விசைப்படகில் போய், ஒரே உலையில் வடித்த சோற்றையும் ஒரே சட்டிக் குழம்பையும் சாப்பிடும் அண்ணன் 84 கிலோவாகவும் தம்பி 61 கிலோவாகவும் பல ஆண்டுகள் இருந்தது ஏன் என்ற உங்கள் கேள்வி. அதில் நோய் ஏதும் இல்லை. உடன்பிறந்தவர்கள் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். பசி எப்போது அடங்க வேண்டும், மிஞ்சிய உணவைச் சேமிப்பதா செலவழிப்பதா என்பதில் மரபணுவின் கை பெரிது. கனடாவில் நடந்து 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிறந்த 12 இரட்டை இணைகளுக்கு, 100 நாட்களில் 84 நாட்கள், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்கு 4.3 கிலோதான் ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ ஏறியது. ஆனால் ஓர் இணையைச் சேர்ந்த இருவருக்கும் இடையிலான வேறுபாடு, வெவ்வேறு இணைகளுக்கு இடையிலானதைவிட மிகக் குறைவு. 1999-இல் அமெரிக்காவில் 16 பேரிடம் எட்டு வாரம் இதேபோலச் செய்து பார்த்தபோது, கொழுப்பு கூடாமல் தப்பியவர்கள் உடற்பயிற்சி செய்தவர்கள் அல்லர். தம்மை அறியாமலே எழுந்து, நடந்து, கைகாலை அசைத்துக்கொண்டே இருந்தவர்கள். வலையை இழுத்துப் போட்டதும் படகில் ஒருவர் சாய்ந்துவிடுவார், இன்னொருவர் கயிறு சுருட்டுவதும் மீன் பிரிப்பதுமாக ஓயாமல் இருப்பார். இருவருக்கும் ஒரே தொழில் என்று நாம் கணக்கிடுகிறோம். உடல் அப்படிக் கணக்கிடுவதில்லை.

ஆகவே தம்பியை அண்ணனோடு ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டுத் தம்பியோடு ஒப்பிடுங்கள். பிறவியிலேயே மெலிந்தவர் மெலிந்தே இருப்பதற்கு மருத்துவம் வேண்டாம். முயலாமலே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே நாங்கள் காரணம் தேடுவோம். இவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு நான்கே மாதத்தில் போயிருக்கிறது.

கணவருக்குத் தைராய்டு இருக்குமோ என்று கைப்பேசியில் பார்த்துக் கலங்க வேண்டாம். தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். ஐயம் தீர ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள்ளலாம். எடை குறைக்கத் தைராய்டு மாத்திரை வாங்கலாமா என்றால் கூடவே கூடாது. இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இரவில் மீன் சாப்பிடுவதாலும் சோற்றுக்கு நடுவே தண்ணீர் குடிப்பதாலும் பருமன் வராது. அவரிடம் பார்க்க வேண்டியது இடுப்புச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும். சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கும் வழியைத் தனியே பேசுவோம். தம்பிக்குச் சர்க்கரை உறுதியானால் அண்ணனுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல் என்பதால், நாளைக் காலை அவரும் எதுவும் சாப்பிடாமல் கூடவே செல்லட்டும்.