சாதாரண லேப்டாப்தான் இருக்கிறது, கோடிங் அரைகுறை. தனியாளாக கேம் செய்யக் கற்க எங்கே தொடங்குவது?

ஓபன் வேர்ல்டு கனவை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். முதலில் பாங் செய்யுங்கள். 1972-இல் அட்டாரி வெளியிட்ட ஆட்டம். இரண்டு மட்டை, ஒரு பந்து, அவ்வளவுதான். ஸ்கோர், சத்தம், மெனு, 'மறுபடி ஆடு' பட்டன் எல்லாம் சேர்த்து முடியுங்கள். பாதியில் கிடக்கும் பத்து ப்ராஜெக்ட்டைவிட முடிந்த ஒரு பாங் மேல்.

என்ஜினுக்கு (கேம் உருவாக்கும் மென்பொருள்) கோடோ 4 போதும். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதன் கோடிங் மொழியான ஜிடிஸ்கிரிப்ட், பைதான் மொழியின் சாயலில் இருக்கும். டுடோரியலில் 'கைனமேட்டிக்பாடி' (கோடால் நகர்த்தும் பொருளின் வகை) என்று வந்தால் அது 3-ஆம் பதிப்புக்கானது, மூடிவிடுங்கள். 4-இல் அதன் பெயர் கேரக்டர்பாடி.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது டெல்டாவில்தான். டெல்டா என்பது முந்தைய ஃப்ரேமிலிருந்து (ஆட்டத்தின் ஒரு படி) கடந்த நேரம். நகர்வையும் மோதலையும் கணக்கிடும் பிசிக்ஸ் விநாடிக்கு 60 முறை ஓடுவதால் 1/60 விநாடி. பொருளை நகர்த்தும் 'மூவ் அண்ட் ஸ்லைடு' ஃபங்ஷன் வேகத்தை இதால் தானே பெருக்கிக்கொள்ளும். நீங்களும் வேகத்தை ஒருமுறை பெருக்கினால் விநாடிக்கு 300 பிக்சல் வேகம் 5 ஆகிவிடும். 1152 பிக்சல் திரையைக் கடக்க 4 விநாடிக்குப் பதில் 4 நிமிடம் ஆகும். ஆனால் மோதியதும் பொருளை நிறுத்தி, எதில் மோதியது என்று சொல்லும் 'மூவ் அண்ட் கொலைடு'க்கு நீங்கள்தான் பெருக்க வேண்டும். பாங் பந்துக்கு வேண்டியது இதுதான்.

பந்தின் இடத்தை நேரடியாக மாற்றி நகர்த்தாதீர்கள். பந்து 8 பிக்சல், மட்டை 16 பிக்சல் என்று வையுங்கள். வேகம் 1500-ஐத் தொட்டால் ஒரு ஃப்ரேமுக்கு 25 பிக்சல் தாவும், மட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த பந்து அடுத்த ஃப்ரேமில் அந்தப் பக்கம் இருக்கலாம்; அப்போது மோதலே பதிவாகாது. மூவ் அண்ட் கொலைடு இடைப்பட்ட பாதை முழுவதையும் சோதிப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஒரு பிளாட்ஃபார்மர், அதாவது மேடைக்கு மேடை குதித்துப் போகும் ஆட்டம். குதிப்பு பலூன் மாதிரி மிதக்கிறது என்று புலம்பாதவர் குறைவு. எண்களைக் குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டிருக்காமல் கணக்குப் போடுங்கள். 120 பிக்சல் உயரம், உச்சிக்குப் போக 0.4 விநாடி வேண்டும் என்றால், ஈர்ப்பு = 2 × 120 ÷ 0.16 = 1500; குதிப்பு வேகம் = 1500 × 0.4 = 600. கோடோவில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும் என்பதால் மைனஸ் 600 என்று கொடுங்கள். மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி வரை குதிக்க விட்டால், 'நான் அழுத்தினேனே!' என்ற எரிச்சல் ஆடுபவருக்கு வராது.

பிக்சல் ஆர்ட் மங்கலாகத் தெரிந்தால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டெக்ஸ்சர் ஃபில்டரை 'நியரஸ்ட்' ஆக்குங்கள்.

முடித்ததை வெப் எக்ஸ்போர்ட் செய்து (பிரவுசரில் ஓடும் வடிவமாக்கி) கேம் பகிரும் தளமான இட்ச்.ஐஓவில் ஏற்றுங்கள், கட்டணம் கிடையாது. மெயின் ஃபைலின் பெயர் 'இண்டெக்ஸ்' என்று இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஜிப் ஆக்கி ஏற்ற வேண்டும். விண்டோஸில் ஓடிய கேம் எக்ஸ்போர்ட்டுக்குப் பின் படத்தைக் காணோம் என்றால் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, எக்ஸ்போர்ட் ஆன கேம் கண்டுகொள்ளும். முதல் நாளிலிருந்தே எல்லா ஃபைலுக்கும் சின்ன எழுத்திலேயே பெயர் வைத்துவிடுங்கள்.