ஒரு பக்கம் சப்பையான தலை: ஹெல்மெட் போட்டே ஆக வேண்டுமா?

குழந்தையின் தலை வடிவம் பற்றியும், அதைச் சரிசெய்ய அணிவிக்கும் ஹெல்மெட் பற்றியும் மலைப்பகுதி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்கினை எடுத்துக்கொண்டு, குன்னூரில் பணிபுரியும் குழந்தைகள் நல மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு நான்கரை மாதம். பிறந்தபோது தலை உருண்டையாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து பின்தலையின் வலப்பக்கம் சப்பையாகிக்கொண்டே வருகிறது. எந்நேரமும் வலப்பக்கம் பார்த்தே படுத்திருக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மையத்தில் காட்டினோம். உடனே ஹெல்மெட் போட வேண்டும், தாமதித்தால் தலை இப்படியே நின்றுவிடும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, எங்களுடைய முக்கால் ஏக்கர் தேயிலையில் ஓராண்டுக்கு மிஞ்சுவதைவிட அதிகம். மாமியார், கடுகுத் தலையணை வைத்தால் போதும் என்கிறார். கடன் வாங்கியாவது ஹெல்மெட் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, கடன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘எந்நேரமும் வலப்பக்கம் பார்த்தே படுத்திருக்கிறாள்’ என்ற வரியைத்தான் நான் மீண்டும் மீண்டும் படித்தேன். தலை சப்பையானது விளைவு. அதன் காரணம் பெரும்பாலும் கழுத்தில் இருக்கிறது. அந்த மையத்தில் குழந்தையின் கழுத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால், அந்தப் பரிசோதனை முடியும்வரை ஹெல்மெட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டிலேயே இதை ஓரளவு கவனிக்க முடியும். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது அவளுடைய முகத்துக்கு நேராகக் கிலுகிலுப்பையைக் காட்டி, மெல்ல இடப்பக்கம் கொண்டுசெல்லுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது முகவாய் தோள்வரை எளிதாகப் போய், இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் பாதியில் நின்று உடம்பே சேர்ந்து புரளுமானால், அல்லது தலை எப்போதும் இடது தோளை நோக்கிச் சாய்ந்தே இருக்குமானால், இடப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்க வாய்ப்பு மிகுதி. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துப்பட்டை எலும்புவரை இறங்கும் அந்தத் தசை பிறவியிலேயே சற்றுக் குறுகியிருந்தால், குழந்தை தனக்கு எளிதான பக்கமே திரும்பிப் படுக்கும். படுத்த பக்கம் தட்டையாகும். தட்டையான இடத்தில் தலை இன்னும் நிலையாகப் பதிவதால் மறுபக்கம் திரும்புவது மேலும் கடினமாகும். இந்தச் சுழலை வெட்டாமல் ஹெல்மெட்டை மட்டும் மாட்டுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் போன்றது.

நானே இதில் தவறியிருக்கிறேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிவந்த ஒரு தாயிடம், ‘உட்காரத் தொடங்கினால் தானாகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை பதினொன்றாம் மாதம் மீண்டும் வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. முன்பே தொடங்கியிருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கக்கூடிய பிசியோதெரபி, மாதக்கணக்கில் நீண்டது. அன்றிலிருந்து, தடுப்பூசிக்கு 6, 10, 14 ஆவது வாரங்களில் வரும் ஒவ்வொரு குழந்தையின் கழுத்தையும் திருப்பிப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

உங்கள் மகளுக்கு இப்போது செய்ய வேண்டியவை இவை. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, அங்குள்ள பிசியோதெரபி பிரிவில் கழுத்துப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை உடை மாற்றும்போதும் அரை நிமிடம் செய்யக்கூடிய பயிற்சிதான். ஆனால் கையைப் பிடித்துக் காட்டித்தர ஒருவர் வேண்டும், நீங்களாக வலிந்து திருப்பக் கூடாது. வீட்டில் அவள் படுக்கும் இடத்தை மாற்றுங்கள். நம் மலை வீடுகளில் குளிருக்காகக் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறோம். குழந்தைக்கு ஒரு பக்கம் வெறும் சுவர், மறுபக்கம் கதவும் வெளிச்சமும் அம்மாவும். அது எந்தப் பக்கம் திரும்பும்? தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிவிட்டால், வெளிச்சமும் நீங்களும் அவளுடைய இடப்பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். இடது கையில் ஏந்திப் பால் கொடுத்தால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்க வலப்பக்கம் திரும்புகிறாள்; வலது கைக்கு மாற்றி ஏந்தினால் இடப்பக்கம் திரும்புவாள். தூளியிலும் ஒரே திசையில் தலைவைத்து, மணிக்கணக்காகக் கிடத்த வேண்டாம்.

விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் அருகிலிருக்க, அவளைக் குப்புறக் கிடத்துங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடங்களில் அழத்தான் செய்வாள். அப்போது உங்கள் மார்பின் மீது குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கணக்கில் சேரும். ஒரு நாளில் பல தடவையாகச் சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேல் வந்துவிட வேண்டும். காலைப் பனி விலகி வாசலில் வெயில் விழும் நேரத்தில் கம்பளியை நான்காக மடித்துப் போட்டு இதைச் செய்தால், ஸ்வெட்டரின் கனமும் குறைந்து கைகால்கள் தாராளமாக அசையும்.

ஆனால் தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். ‘குப்புறத் தூங்கவிட்டால் தலை சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992 இல் குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்க வேண்டாம் என்று அறிவித்து, 1994 இல் அது நாடு தழுவிய பிரசாரமான பின், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அங்கே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அதே ஆண்டுகளில் தட்டையான தலையோடு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. தலை வடிவத்துக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது. கடுகுத் தலையணைக்கும் இதே காரணத்தால்தான் நான் உடன்படுவதில்லை. அது தலையை உருட்டித் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தையல் பிரிந்தால் கடுகு மூக்கிலும் வாயிலும் போகும். மென்மையான எந்தத் தலையணையும் மூச்சை அடைக்கக்கூடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 இல் தலை வடிவத் தலையணைகளைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. உங்கள் மாமியாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். அந்தத் தலையணைக்குப் பதில், குப்புறக் கிடத்தும் நேரத்தில் பேத்தியின் இடப்பக்கம் அமர்ந்து பேச்சுக் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள்.

இனி ஹெல்மெட்டுக்கு வருகிறேன். அது தலையை அமுக்கி வடிவமாக்குவதில்லை. புடைத்த இடங்களைத் தொட்டு நின்று, தட்டையான இடத்தில் மட்டும் வெற்றிடம் விட்டிருக்கும். தலை வளரும்போது அந்த வெற்றிடத்துக்குள் வளர்கிறது. ஆக வேலை செய்வது குழந்தையின் வளர்ச்சிதான். பிறக்கும்போது 34, 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச் சுற்றளவு ஆறாம் மாதம் 43 ஐ ஒட்டி வந்துவிடும். அடுத்த ஆறு மாதங்களில் மேலும் மூன்று சென்டிமீட்டர்தான் கூடும். மையத்தில் அவசரப்படுத்தியதற்கு இந்த ஒரு நியாயம் உண்டு. ஆனால் நான்கரை மாதத்தில் ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்பதால் வாய்ப்பு கைநழுவிப் போகாது.

நெதர்லாந்தில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வொன்றை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஐந்து, ஆறு மாத வயதுடைய 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹெல்மெட் போட்டார்கள், மறுபாதியை அப்படியே விட்டார்கள். இரண்டு வயதில் பார்த்தபோது முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் அணிந்தவர்களில் 25.6 சதவீதம், அணியாதவர்களில் 22.5 சதவீதம், பெரிய வேறுபாடு இல்லை. வியர்வை, தோல் எரிச்சல், வலி என்று ஏதோ ஒரு தொல்லையை ஹெல்மெட் அணிந்த குழந்தைகளின் பெற்றோர் எல்லோருமே சொன்னார்கள். இதை வைத்து ஹெல்மெட் வீண் என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் மிகக் கடுமையான தட்டைத்தன்மை உள்ளவர்களும் கழுத்துத் தசை இறுகியவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், படுக்கை நிலை மாற்றமும் பிசியோதெரபியும் செய்த பின்னும் மிதமான அல்லது கடுமையான கோணல் எஞ்சியிருந்தால் ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. என் கருத்தும் அதுவே. ஆறு மாதம் நிறையும்போது மீண்டும் அளந்து பாருங்கள். நெற்றியின் ஒரு பக்கத்திலிருந்து பின்தலையின் எதிர்ப்பக்கம்வரை, தலையின் குறுக்காக இரு மூலைவிட்டங்களை அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துகொண்டு வந்தால் பயிற்சியையே தொடரலாம். அந்த வேறுபாடு குறையாமல் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே நின்றால், அப்போது ஹெல்மெட்டைப் பேசலாம். அப்போதும் ஹெல்மெட்டின் விலையோடு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் இறங்கி ஏறும் செலவையும், அன்றைக்குப் பறிக்காமல் விடும் இலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிறந்ததிலிருந்து கம்பளித் தொப்பியைக் கழற்றியதே இல்லை. முதல் பிறந்தநாள் முடிந்து மொட்டை போட்ட அன்றுதான் பேரனின் பின்தலை ஒரு பக்கம் தட்டையாக இருப்பது கண்ணில் பட்டது. இப்போது பதினான்கு மாதம், நன்றாக நடக்கிறான். மூளை வளர்ச்சி பாதிக்குமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: இல்லை ஐயா. படுக்கும் நிலையால் வரும் தட்டைத்தன்மை மூளையை நெருக்குவதில்லை. மண்டையோட்டின் வெளி வடிவம் மாறுகிறதே தவிர உள்ளே இடம் குறைவதில்லை. நியூசிலாந்தில் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வொன்றில், நான்காம் மாதம் ஐந்தில் ஒரு குழந்தைக்கு இருந்த தட்டைத்தன்மை, இரண்டு வயதில் நூற்றுக்கு மூன்று பேரிடமே மிஞ்சியிருந்தது. பேரன் பதினான்கு மாதத்தில் நடப்பதே நல்ல செய்தி. இந்த வயதில் ஹெல்மெட்டால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. அதற்காக அலைய வேண்டாம். முடி வளர்ந்ததும் பெரும்பகுதி மறைந்துவிடும்.

ஒன்றை மட்டும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள இணைப்புகள் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும் குறைபாடு ஒன்று உண்டு. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் அது முற்றிலும் வேறு நோய், அறுவைச் சிகிச்சை தேவைப்படுவது. மேலிருந்து பார்க்கையில், தட்டையான பக்கத்துக் காது மறுகாதைவிட முன்னால் தள்ளியிருந்தால் அது படுக்கையால் வந்த தட்டை. அந்தக் காது பின்னாலோ கீழாகவோ இழுக்கப்பட்டிருந்தால், எலும்பு இணைப்பின் மீது விரலை ஓட்டும்போது வரப்புபோல் மேடு தட்டுப்பட்டால், அல்லது தலைச் சுற்றளவு வயதுக்கேற்ப வளராமலிருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: ஏழு மாத மகனுக்கு மதுரையில் ஹெல்மெட் பொருத்தி இரண்டு வாரம் ஆகிறது. கழற்றும்போது நெற்றியில் சிவப்பாக இருக்கிறது, உட்புறம் நாறுகிறது. குளிருக்கு உள்ளே குல்லா போடலாமா? எண்ணெய் தேய்க்கலாமா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: குல்லா வேண்டாம். உள்ளே ஒரு துணியின் கனம் சேர்ந்தாலும் அளவு மாறிவிடும். ஹெல்மெட்டே போதுமான கதகதப்பைத் தரும், காதுகளை மட்டும் வெளியிலிருந்து மூடிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் முடியும்வரை தலைக்கு எண்ணெயும் பவுடரும் கூடாது, அவை ஹெல்மெட்டின் உட்புற நுரைப்பஞ்சில் ஊறித் தோலைப் புண்ணாக்கும். ஒரு நாளில் 23 மணி நேரம் அணிய வேண்டும் என்பதால், கழற்றும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் குளியலும் சுத்தம் செய்வதும் முடிய வேண்டும். குழந்தையின் தலையை நன்கு கழுவி, ஈரம் போகத் துடைத்துக் காற்றாட விடுங்கள். உட்புறத்தை, பொருத்தியவர்கள் சொன்ன திரவத்தால் துடைத்து உலரவிடுங்கள். உங்கள் ஊர் மூடுபனியில் அது எளிதில் உலராது என்பது எனக்குத் தெரியும். அதற்காக அடுப்பருகிலோ ஹீட்டர் முன்போ வைத்தால் பிளாஸ்டிக் வளைந்து வடிவம் கெட்டுவிடும். காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

சிவப்பு, கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் அச்சமில்லை. மறையாமல் நின்றாலோ, கொப்புளமோ தோல் உரிவோ தெரிந்தாலோ, மீண்டும் மாட்டாமல் அன்றே மையத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். உள்நுரையைச் சற்றுச் சீவிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். காய்ச்சல் வந்தாலும் கழற்றிவைத்துவிட்டு அவர்களிடம் கேளுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். தலை வளர்ந்தபின் சீவப்படாத ஹெல்மெட், வளர வேண்டிய இடத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

கேள்வி: குளிப்பாட்டும்போது தலையை உள்ளங்கையால் உருட்டி அமுக்கினால் வடிவம் வரும் என்றுதான் என் அம்மா எனக்குச் சொல்லித்தந்தார். என் மகள் இப்போது தன் குழந்தைக்கு அதைச் செய்யவிடமாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு பாட்டி, அருவங்காடு

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி, அம்மா. ஒரு நாளில் இரண்டு நிமிடம் அமுக்குவது, மீதி நேரமெல்லாம் படுக்கை அமுக்குவதை மாற்றாது. உச்சிக்குழியின் மீது அழுத்தம் படுவதும் நல்லதல்ல. மென்மையாகத் தடவிக் குளிப்பாட்டுவதில் தடையேதும் இல்லை. நீட்டிய கால்களின் மீது குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் உங்களைப் போன்றவர்களுக்கு, எந்த மருத்துவருக்கும் கிடைக்காத ஒரு வசதி கிடைக்கிறது. தலைமுடி நனைந்து ஒட்டியிருக்கும் அந்த நேரத்தில் தலையின் உண்மையான வடிவம் தெரியும். குளிப்பாட்டி முடித்ததும், தொப்பி போடுவதற்கு முன், மகளின் மடியில் குழந்தையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, நேர் மேலிருந்து உச்சந்தலையைப் பாருங்கள். இரு காதுகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, நெற்றி ஒரு பக்கம் முன்தள்ளியிருக்கிறதா என்று கவனித்து, அதே கோணத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்த அந்தப் படங்களை அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.